பாதி ஆழம்

காஜா பேராங், மலாக்கா
9-9-1957

அத்தானுக்கு,

நீங்கள் அனுப்பிய கார்டில் சிங்கப்பூர் விலாசத்தைத் தவிர வேறு ஓர் எழுத்து இல்லை. விலாசமாவது கொடுத்தீர்களே, அதுவரைக்கும் சரி. இல்லாவிட்டால் திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாமல் நான் சுவரோடு பேசிக்கொண்டிருப்பேன்.

மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு மறுநாள் கடற்கரையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு முழுசாகத் தெரிந்திருக்காது. தலை தண்ணீரிலும் கால் ஆகாயத்திலுமாக இருந்த ஆளுக்கு என்ன தெரியும்? கரையில் நின்ற நான் சொல்கிறேன், கேளுங்கள். ஜவுளிக்கடை கலியாணசுந்தரம் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "நம்ம காஜா பேராங் கருணாகரன் இப்போ கடலுக்கு அடியில போயி, நம்ம நாட்டுக் கொடிய எடுத்துக்கிட்டு வரப் போறாரு!" என்று முழங்கினார். கொடியைப் பித்தளைத் தூக்கில் வைத்து மூடி, கயிறு கட்டி, முன்னமே கடலில் இறக்கியிருந்தார்கள். தோங்காங் படகிலிருந்து நீங்கள் குதித்தீர்கள். பேண்டு வாத்தியம் நின்றது. நானும் மூச்சை நிறுத்தினேன்.

முதலில் முதுகுச் சிலிண்டர் மேலே வந்தது. அப்புறம் உங்கள் பின்பக்கம் வந்தது. அந்த ரப்பர் தவளைக்கால் இரண்டும் காற்றை உதை உதை என்று உதைத்தன. தலையைக் கீழே விடுகிறீர்கள், திரும்ப மேலே வருகிறீர்கள், மறுபடியும் விடுகிறீர்கள், மறுபடியும் வருகிறீர்கள். மலாய்ப் பிள்ளைகள் "காபுஸ்! காபுஸ்!" என்று கத்தினார்கள். தக்கைக்கு அவர்கள் பாஷையில் அதுதான் பேர். இப்போது உங்களுக்கும் அதுதான் பேர். கடைசியில் கலியாணசுந்தரமே படகில் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்துத் தூக்கை வெளியே எடுத்தார். கொடி நனையவே இல்லை.

சிரிப்பு அதோடு முடிந்திருக்கும். மானம் கப்பலேறினாலும் பத்து நாளில் திரும்பி வந்திருக்கும். ஆனால் கரையேறினதும் என் அண்ணன் நல்லையாவின் கன்னத்தில் அறைந்தீர்களே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? உங்கள் இடுப்பில் ஈயக்கட்டிப் பட்டையை மாட்டிவிட்டதும் அவர்தான், உங்களைத் தண்ணீரிலிருந்து தூக்கியதும் அவர்தான். "ஈயத்த என்னடா பண்ணினே?" என்று ஊர் கேட்கக் கத்தினீர்கள். டா! பெண்டாட்டியின் அண்ணனை, உங்களைவிட மூத்தவரை! எனக்குக் கல்யாணம் ஆகட்டும் என்று தன் கல்யாணத்தைத் தள்ளித் தள்ளி வைத்தவரை! அவர் குனிந்து உங்கள் இடுப்புப் பட்டையைக் கழற்றினார். நீங்கள் சாக்கு மூட்டையில் அந்தச் சாமான்களைக் கட்டிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள்.

இப்போது ஊர் என்ன பேசுகிறது தெரியுமா? நல்லையா ஈயத்தை விற்றுச் சம்சு சாராயம் குடித்துவிட்டானாம். நான் பாசாருக்குப் போனால் மீன்காரன்கூடக் கேட்கிறான். தீபாவளி கழித்துக் கலியாணசுந்தரத்தின் மகள் கோகிலாவுக்கும் அண்ணனுக்கும் நாள் குறிப்பதாக இருந்தது உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டிலிருந்து பேச்சே இல்லை.

அண்ணன் ஈயத்தைத் தொடவில்லை. அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

ருக்மணி


சிங்கப்பூர், தஞ்சோங் ரூ
16-9-1957

ருக்மணிக்கு,

எப்படித் தெரியும் என்று நான் கேட்கப் போவதில்லை. பட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டேன்.

ஈயக்கட்டி இருக்க வேண்டிய மூன்று பைகளில் புளியங்கொட்டை இருந்தது. கிழிந்த வேட்டித் துணியில் அழகாகப் பொட்டலம் கட்டி, கட்டியின் அளவுக்கே திணித்து, மேலே தைத்தும் இருக்கிறாய். முடிச்சை இரண்டு தடவை திருப்பிப் போடுவது உன் கைதான். என் சட்டைப் பொத்தான் எல்லாம் அப்படித்தான் நிற்கிறது. காக்கித் துணி வாங்கி வந்து, இடுப்பு அளவு எடுத்து, அந்தப் பட்டையை நீ தைத்துக் கொடுத்தபோது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சீமையில்கூட இப்படித் தைக்க மாட்டான் என்று சொன்னேன். எனக்கு நன்றாக வேண்டும்.

ஏன் ருக்மணி? நான் உனக்கு என்ன செய்தேன்? கப்பல்படைத் துரை ஊருக்குப் போகும்போது விட்டுப்போன பழைய முக்குளிப்புச் சாமான் அது. வெடித்துப்போயிருந்த இரட்டை மூச்சுக் குழாய்க்குச் சைக்கிள் டியூப் ஒட்டுப் போட்டு, வால்வைப் பிரித்துக் கழுவி, அதற்கு உயிர் கொடுக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியாதா? ஈயம் தோண்டிவிட்டுப்போன அந்த ஈயக் குட்டையில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை இறங்கிப் பார்த்தேன்! ஒவ்வொரு கட்டியாகச் சேர்த்து, எத்தனை கட்டியில் உடம்பு இறங்குகிறது என்று கண்டுபிடித்தேன். உப்புத் தண்ணீர் ஆளை அதிகமாகத் தூக்கும் என்று துரை சொல்லியிருந்தார். அதனால் தெங்கேரா மீன்காரர்களிடம் வலை ஈயம் வாங்கி உருக்கி, இன்னும் சில கட்டிகள் சேர்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. நீதான் ராத்திரியோடு ராத்திரியாகக் கெடுத்துவிட்டாய்.

இங்கே கப்பல் அடியில் பாசி சுரண்டுகிற பட்டறையில் வேலை. பித்தளைத் தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஒருவர் இறங்குவார், நான் மேலே நின்று காற்றுக் குழாயை விட்டுக்கொடுக்க வேண்டும். நான் யார் என்று இங்கே யாருக்கும் தெரியாது. அதுவே பெரிய நிம்மதி.

மச்சானை அடித்த கை இன்னும் என்னோடுதான் இருக்கிறது. சோறு தின்னும்போது அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவருக்கு எழுத உட்கார்ந்தேன். "மச்சானுக்கு" என்று எழுதியதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.

கருணாகரன்


காஜா பேராங்
21-9-1957

அத்தானுக்கு,

ஆமாம், நான்தான் எடுத்தேன். விடிகாலையில் நீங்கள் குளிக்கப் போயிருந்தபோது எடுத்தேன்.

நான் உங்களைக் கோமாளியாக்க நினைத்து எடுத்தேன் என்றா நம்புகிறீர்கள்? ஈயம்தான் மனுஷனைக் கீழே கொண்டுபோகும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அப்படியானால் ஈயம் குறைந்தால் குறைவாகப் போவீர்கள் என்றுதானே எனக்குப் புரியும்? குழம்பில் உப்பைக் குறைத்தால் உப்பு குறையத்தானே செய்யும்? நீங்கள் பாதி ஆழம் போவீர்கள், அங்கிருந்தே கயிற்றைப் பிடித்துத் தூக்கை மேலே இழுத்துக்கொள்வீர்கள், ஊர் கைதட்டும், உங்கள் பேரும் நிற்கும், நீங்களும் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள் என்று கணக்குப் போட்டேன். மிதப்பீர்கள் என்று நான் கண்டேனா? முதலில் சிலிண்டர் மேலே வந்தபோது, எடுத்துக்கொண்டுதான் வந்துவிட்டீர்கள் என்று நான் கைகூடத் தட்டினேன். என் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்த பிறகுதான் தெரிந்தது. என் கை அப்படியே நின்றுபோயிற்று.

ஈயக் குட்டையில் ஒரு நாள் குழாய் ஒட்டு விட்டுப்போய் மூக்கில் ரத்தத்தோடு வந்தீர்களே, நினைவிருக்கிறதா? சட்டையைத் துவைத்தவள் நான். குட்டைக்கே அப்படியென்றால் கடலுக்கு எப்படி என்று எனக்குத் தோன்றாதா?

அந்தக் கட்டிகள் அரிசி டின்னுக்குள் கிடக்கின்றன. அரிசி அளக்கும்போதெல்லாம் கையில் தட்டுப்படுகின்றன. வேறு இடத்தில் வைக்கலாம். வைக்கத் தோன்றவில்லை.

நான் செய்தது தப்பு. ஆனால் அந்தத் தப்புக்கு அடி வாங்கியவர் என் அண்ணன். பஸ் பட்டறையில் அவர் பெஞ்சில் யாரோ ஒரு ஈயக் குண்டை வைத்து, "இதுக்கு எத்தன போத்தல் வரும் நல்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். என்னிடம் அவர் சொல்லவில்லை. கூட வேலை செய்கிற சுப்பையன் சொன்னான். கலியாணசுந்தரம் ஆள் விட்டு அனுப்பினார். தீபாவளிக்குள் யோசித்துச் சொல்வாராம். தங்கை மாப்பிள்ளையின் சாமானையே விற்கிறவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று வீட்டில் கேட்கிறார்களாம். கோகிலா சாப்பிடவில்லையாம்.

கடைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்களைக் கேட்காமல் செய்தது ஒன்று போதும். அதனால் கேட்கிறேன். சொல்லட்டுமா?

ருக்மணி


சிங்கப்பூர்
28-9-1957

ருக்மணிக்கு,

சொல்லாதே.

கொஞ்சம் யோசித்துப் பார். தக்கை என்கிற பேர் ஒரு வருஷத்தில் போய்விடும். வேறு எவனாவது வேறு எதிலாவது விழுவான், ஊர் அவனைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பெண்டாட்டி ஈயத்தை எடுத்துப் புளியங்கொட்டை வைத்துத் தைத்தாள், அது தெரியாமல் இவன் கடலில் குதித்தான் என்று தெரிந்தால்? எனக்குப் பேரப்பிள்ளை பிறந்த பிறகும் புளியங்கொட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். உப்புத் தண்ணீர்க் கணக்கு தப்பிவிட்டது என்று நான் கலியாணசுந்தரத்துக்கு எழுதுகிறேன். நம்பினால் நம்பட்டும். மச்சான் பொறுமைசாலி. கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளச் சொல்.

இங்கேயும் தெரிந்துபோயிற்று. மலாக்கா லோரிக்காரன் ஒருவன் வந்து, பட்டறை முழுக்க நடித்துக் காட்டிவிட்டான். கவசம் போட்டு இறங்குகிறவர் தம்பிராஜா என்று ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. உன் பெயரைச் சொல்லாமல், ஈயம் குறைந்தால் பாதி ஆழத்தில் நிற்க முடியுமா என்று கேட்டேன். "தண்ணியில பாதி எண்டு ஒண்டும் இல்லைத் தம்பி. பாரம் குறைஞ்சா மேல, கூடினா அடியில. நடுவில நிக்கோணும் எண்டா மூச்சாலதான் நிக்கோணும்," என்றார். நெஞ்சு நிறையக் காற்று இருந்தால் அதுவே ஆளைத் தூக்குமாம், விட்டால் இறங்குமாம். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "நீர் மூச்சை விட்டனீரோ?" என்று கேட்டார்.

கயிறு சுற்றுகிற வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

அரிசி டின்னில் கிடக்கும் கட்டிகளை எடுத்து எங்காவது புதைத்துவிடு.

கருணாகரன்


காஜா பேராங்
3-10-1957

அத்தானுக்கு,

"மச்சான் பொறுமைசாலி" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எழுதும்போது உங்களுக்குக் கூசவில்லையா? அவர் பொறுமைசாலி என்பதால்தானே கன்னத்தில் விழுந்தது? வேறு எவனையாவது அடித்திருந்தால் திருப்பி வாங்கியிருப்பீர்கள்.

நேற்று அண்ணன் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று ஒரு கட்டு வாழையிலையும் தேங்காயும் கொடுத்துவிட்டு, "மாப்பிள்ள கடுதாசி போட்டாரா? சாப்பாடெல்லாம் எப்படியாம்?" என்று கேட்டார். உங்கள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறார்! எனக்குப் பூமி பிளந்தால் போதும் என்று இருந்தது. பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டி அம்மா அன்னபூரணிக்குத் தமிழ் வராது, அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக மலாய்தான். அவர்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கெனாப்பா, ருக்மணி?" என்று மலாயில் கேட்டார். என்ன ஆச்சு என்று கேட்டால் என்ன சொல்வது? வெங்காயம் அரிந்தேன் என்றேன். வீட்டில் அன்றைக்கு வெங்காயமே இல்லை.

உங்களுக்கு உங்கள் பேர் பெரிது. புளியங்கொட்டை என்று கூப்பிட்டால் என்ன, உயிரா போய்விடும்? அந்த மனுஷனுக்குக் கல்யாணம் நின்றுபோகும். இன்னொருத்தி கிடைக்கிற வயசும் இல்லை, கேட்கிற வாயும் அவருக்கு இல்லை.

தீபாவளிக்கு முன்னால் கலியாணசுந்தரம் பதில் சொல்வார். அதற்கு முன் உங்களிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை வரவேண்டும். வராவிட்டால் நான் போவேன். அதற்குப் பிறகு என்னை வைத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

ருக்மணி


காஜா பேராங்
12-10-1957

அத்தானுக்கு,

உங்களிடமிருந்து பதில் வரவில்லை. இன்றைக்குக் கடைக்குப் போனேன்.

ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் தீபாவளிக் கூட்டம் உங்களுக்குத் தெரியும். கலியாணசுந்தரம் கடையில் கால் வைக்க இடமில்லை. பாதிப் பேர் நமக்குத் தெரிந்த முகம். வெளியே நின்று இரண்டு தடவை திரும்பிவிடப் பார்த்தேன். ஈயத்தைப் பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன், தோள் இற்றுவிட்டது. கனம் தாங்காமலாவது உள்ளே போய் இறக்கி வைத்துத்தானே ஆகவேண்டும் என்று நுழைந்துவிட்டேன்.

சேலை விரித்திருந்த மேஜையில் மூன்று கட்டியையும் வைத்தேன். தொம் தொம் என்று சத்தம். எல்லோரும் திரும்பினார்கள். "ஐயா, இது அந்தப் பட்டையில இருந்த ஈயம். எங்கண்ணன் விக்கல. நான்தான் எடுத்தேன். அவரு கடல்ல போயிடுவாரோன்னு பயந்து எடுத்து, புளியங்கொட்டைய வச்சுத் தச்சேன்," என்றேன். ஒத்திகை பார்த்துக்கொண்டு போனது இன்னும் நிறைய. வாயில் வந்தது அவ்வளவுதான். புளியங்கொட்டை என்றதும் ஒரு பெண்பிள்ளை களுக்கென்று சிரித்தாள். அப்புறம் கடையே சிரித்தது. என் காது மடலெல்லாம் எரிந்தது. உங்களுக்குக் கடலில் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

கலியாணசுந்தரம் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒலிபெருக்கி இல்லாத குறைதான், அதே குரலில் படித்தார்.

"ஈயக்கட்டிகளை எடுத்தவன் நான்தான். கடலைப் பார்த்துப் பயந்து, கீழே போகாமல் இருப்பதற்காக என் கையாலேயே எடுத்தேன். மானம் போனதும் பழியை மச்சான் மேல் போட்டேன். நல்லையா ஈயத்தைத் தொட்டதில்லை. என் கோழைத்தனத்துக்காக ஒரு நல்ல மனிதருக்குப் பெண் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள்."

உங்கள் கையெழுத்து. முதல் நாள்தான் அவருக்கு வந்ததாம். அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னம்மா இது?" என்றார் அவர். "புருஷனும் எடுத்தேங்கிறாரு, பொண்டாட்டியும் எடுத்தேங்கிறே. ரெண்டு பேரும் எடுத்திருந்தா பட்டையில பட்டைதான் மிச்சம் இருந்திருக்கும்! ரெண்டுல ஒண்ணு பொய்யி. எதுன்னு எனக்கு வேணாம். நல்லையா எடுக்கல. அது போதும்லா."

உள்ளே அறை வாசலில் கோகிலா நின்றுகொண்டிருந்தாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. தை மாதம் நாள் பார்க்கலாம் என்று அவள் அப்பா சொல்லி அனுப்பிவிட்டார்.

அண்ணனிடம் போய்க் காலில் விழுந்தேன். தூக்கிவிட்டு, "எனக்கு அன்னைக்கே தெரியும் புள்ள," என்றார். அடி விழுந்த பிறகும் உங்கள் இடுப்பிலிருந்து பட்டையைக் கழற்றியது அவர்தானே? அப்போது பட்டைக்குள்ளே கலகலவென்று சத்தம் கேட்டதாம். என் வேலை என்று புரிந்துபோயிற்றாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அடுத்த அற உனக்குல்ல விழும்?" என்றார்.

அத்தான், எனக்காக நீங்கள் இப்படி ஒரு பொய்யை எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. போன கடிதத்தில் கண்டபடி எழுதிவிட்டேன். கோழை என்று உங்களையே சொல்லிக்கொள்ள எப்படி மனசு வந்தது? அந்த வார்த்தையைக் கடை முழுக்கக் கேட்டது. எனக்குத்தான் தாங்கவில்லை.

ருக்மணி


சிங்கப்பூர்
17-10-1957

ருக்மணி,

எடுத்தேன் என்று எழுதியது பொய். பயந்தேன் என்று எழுதியது பொய் இல்லை.

உன் மூன்றாம் தேதிக் கடிதம் வந்த அன்று தம்பிராஜா அண்ணனிடம் போனேன். அந்த இரட்டைக் குழாய்ச் சாமானை எடுத்துக்கொண்டு, பட்டறைக்கு முன்னாலிருக்கிற கடலில் இறங்கப் போகிறேன், பக்கத்தில் நில்லுங்கள் என்றேன். அதே பட்டைதான். நீ தைத்தபடியே, புளியங்கொட்டையும் உள்ளேயே இருந்தது. ஒரு கட்டிகூடச் சேர்க்கவில்லை. இறங்கினேன். மிதந்தேன். அதே மாதிரி மிதந்தேன். அவர் படிக்கட்டில் உட்கார்ந்தபடி, "விடும். முழுக்க விடும்," என்றார். நெஞ்சில் அடைத்து வைத்திருந்ததை எல்லாம் விட்டேன்.

ருக்மணி, நான் இறங்கிவிட்டேன். மெதுவாக, தன்னால், கால் சேற்றைத் தொடும்வரை இறங்கினேன். உன் புளியங்கொட்டையோடுதான் இறங்கினேன். அதற்குப் பிறகுதான் கலியாணசுந்தரத்துக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன்.

என்ன அர்த்தம் என்று உனக்குப் புரிகிறதா? அன்றைக்கும் மூச்சை விட்டிருந்தால் போயிருப்பேன். நான் விடவில்லை. தோங்காங் ஓரத்தில் நின்று அந்தக் கலங்கல் தண்ணீரைப் பார்த்ததும் நெஞ்சில் ஏறிய காற்றை நான் விடவே இல்லை. மிதந்தபோது காதில் சிரிப்புச் சத்தம் விழுந்தது. ஆனால் முதலில் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? அப்பாடா என்றுதான் தோன்றியது. மேலேயே இருக்கிறேன், கீழே போகவேண்டாம், அப்பாடா. அத்தனை பேர் சிரிக்கும்போது நான் உள்ளே சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. மச்சான் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். என்னைத் தூக்கிக் கரையில் விட்டதும் அவர் என் காதோடு, "தப்பிச்சீங்க மாப்பிள்ள," என்றார். அன்பாகத்தான் சொன்னார். என் முகத்தில் அது தெரிந்திருக்கிறது, அவர் பார்த்துவிட்டார். அதற்குத்தான் அடித்தேன். ஈயத்துக்கு இல்லை. ஈயம் குறைந்தது எனக்கு அப்போது தெரியவே தெரியாது. அடித்த பிறகு ஒரு காரணம் வேண்டுமே என்று வாயில் வந்ததைக் கத்தினேன். அந்த ஒரு வாய்ப்பேச்சு அவரைத் திருடனாக்கிவிட்டது. இங்கே வந்து பட்டையைப் பிரித்துப் புளியங்கொட்டையைப் பார்த்தபோது, என் பொய் நிஜமாகிவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம் வந்தது. இனி உன்னைத் திட்டிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். இப்படிப்பட்ட ஆள் நான்.

இதை எழுதிவிட்டுத் தபாலில் போடாமலேயே இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன். நீ என்னை நல்லவன் என்று நினைத்து எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு இருந்துவிடலாம். ஆனால் உன் அண்ணன் வாசலில் நின்று என் சாப்பாட்டைக் கேட்டாரே, அதற்காகவே இதைப் போடுகிறேன்.

தீபாவளிக்கு வர ஆசை. எந்த முகத்தோடு வருவது என்று தெரியவில்லை. வா என்று நீ சொன்னால்தான் வருவேன்.

கருணாகரன்


காஜா பேராங்
19-10-1957

அத்தான்,

உங்கள் கடிதம் இன்றைக்குக் கிடைத்தது. ஒரே தடவைதான் படித்தேன். அண்ணனிடம் காட்டவில்லை.

நீங்கள் பயந்தது எனக்குத் தெரியும். முதல் நாள் சாயங்காலம் பட்டையை உங்கள் இடுப்பில் வைத்து அளவு சரி பார்த்தேனே, நினைவிருக்கிறதா? என் விரலுக்கு அடியில் உங்கள் வயிறு நடுங்கியது. என்னங்க என்று கேட்டேன். குளிருகிறது என்றீர்கள். அந்தப் புழுக்கத்தில் விசிறியைக் கையில் வைத்துக்கொண்டு குளிருகிறது என்றீர்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்று என் வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் உங்களுக்குக் கௌரவம் போய்விடும் என்று விழுங்கினேன். மூக்கில் ரத்தம் வந்ததற்காக எடுத்தேன் என்று எழுதியதும் பாதிதான். நடுங்கியதற்காக எடுத்தேன். பயப்படாத ஆளாக இருந்திருந்தால், போகட்டும் என்று ஒரு கட்டியையும் தொட்டிருக்க மாட்டேன்.

உங்களை நேரே கேட்கத் தைரியமில்லாமல் பட்டையைப் பிரித்தேன். என்னிடம் சொல்லத் தைரியமில்லாமல் நீங்கள் குதித்தீர்கள். நம் இரண்டு பேருக்கும் நடுவில் என் அண்ணன் கன்னம் அகப்பட்டுக்கொண்டது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வாருங்கள். அண்ணன் பஸ் நிற்குமிடத்தில் நிற்பேன் என்கிறார். அவர் ஏதாவது பேசுவதற்கு முன்னால் நீங்கள் பேசிவிடுங்கள். ஊர் பார்க்க அடித்தீர்கள், ஊர் பார்க்கப் பேசுங்கள். பேச்சு வராவிட்டால் கையையாவது பிடித்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் மூட்டையை அவர் தூக்க வந்தால் விடாதீர்கள், நீங்களே தூக்குங்கள். பிள்ளைகள் காபுஸ் என்று கத்துவார்கள். புளியங்கொட்டை என்றும் கத்துவார்கள், அதற்கு நான் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

பட்டையை மறக்காமல் கொண்டுவாருங்கள். ஈயத்தைத் திரும்பத் தைத்துத் தருகிறேன். கடையிலிருந்து எடுத்துவந்த கட்டிகளைத் திரும்பவும் அரிசி டின்னில்தான் வைத்திருக்கிறேன். மறுபடி இறங்குவதும் இறங்காததும் உங்கள் விருப்பம். ஆனால் அளவு பார்க்கும்போது நடுங்கினால், குளிருகிறது என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

ருக்மணி